குளிர்காலப் பாய்ப்பிரயாணமும் எஞ்சின் கோளாறும்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையே, சுமார் 20 மைல் நீளத்துக்கு வளைந்து கிடக்கும் சோலென்ட் ஜலசந்தியில், கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்களுக்கு நடுவே தண்ணீரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். அதே ஜலசந்தி கிறிஸ்துமஸ் வாரத்தில், தீவுக்குப் போய்த் திரும்பும் பெர்ரிகளையும் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை நாடி வரும் பெருங்கப்பல்களையும் தவிர வேறெவரும் தீண்டாத நீர்ப்பரப்பாகிவிடுகிறது. ஆகஸ்டு மாதத்தில் பிற்பகலிலேயே இடமில்லை என்று கைவிரித்துவிடும் யார்மத் துறையில் டிசம்பரில் விரும்பிய இடத்தில் கட்டிக்கொள்ளலாம். நியூடவுன் கழிமுகத்தின் சேற்றுத் திட்டுகளில், சைபீரியாவிலிருந்து குளிர்கால வாசத்துக்கு வந்திறங்கிய பிரென்ட் வாத்துகளின் கூச்சலைத் தவிர வேறோர் ஓசையும் கேளாமல் நங்கூரமிட்டு உறங்கலாம். இந்த இன்பங்களை நாடிப் புறப்படுகிறவர்களுக்குக் கம்பளி உடைகளைப் பற்றியும் சூடான பானங்களைப் பற்றியும் உபதேசம் செய்ய ஆட்கள் நிறைய உண்டு. ஆனால் குளிர்காலப் பிரயாணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குளிரன்று, எஞ்சின்தான் என்பதையும், அதுவும் தற்செயலாக அன்று, அது நிற்பதற்கு வேண்டிய காரணங்களைக் குளிர்காலமே ஒவ்வொன்றாகச் சேகரித்துக் கொடுக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. அக்குறையை நிரப்புவதே இந்த அத்தியாயத்தின் உத்தேசம்.

நேரக் கணக்கிலிருந்து தொடங்குவோம். டிசம்பர் 21-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் இப்பகுதியில் சூரியன் காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் உதித்து, மாலை நான்கு மணியளவில் அஸ்தமித்துவிடுகிறான். எட்டு மணி நேரத்துக்கும் குறைந்த இந்தப் பகலில், காலையில் மேல்தளத்து உறைபனியை அகற்றிக் கயிறுகளைச் சீர்செய்யும் நேரத்தையும், மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே துறைக்குள் நுழைந்துவிடுவதற்கென்று ஒதுக்க வேண்டிய அவகாசத்தையும் கழித்துவிட்டால், பிரயாணத்துக்கென்று மிஞ்சுவது ஐந்து அல்லது ஆறு மணி நேரமே. கோடையில் காற்று விழுந்துவிட்டால் தேநீர் போட்டுக்கொண்டு, அது மறுபடி எழும்வரை மிதந்துகொண்டிருக்கலாம். குளிர்காலத்தில் காற்று விழுந்த கால் மணிக்குள் கை தானாகவே எஞ்சின் சாவியை நாடிப் போகிறது. இவ்விதமாக, பாய்ப்படகு என்று பெயர்கொண்ட படகு டிசம்பர் வந்ததும் தன் கால அட்டவணையை எஞ்சினிடம் ஒப்படைத்துவிடுகிறது. அதை எஞ்சினிடமிருந்து மீட்டு ஓதத்தின் பொறுப்பில் விடுவதே குளிர்காலப் படகோட்டியின் முதற்காரியம்.

சோலென்ட்டின் மேற்குப் பகுதியில் நீரோட்டமானது, போர்ட்ஸ்மத்தின் உச்சநீருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே மேற்கு நோக்கித் திரும்பி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் அத்திசையிலேயே ஓடி, பின்னர் கிழக்கு நோக்கித் திரும்புகிறது. அமாவாசை, பௌர்ணமிகளை அடுத்து வரும் பெருக்கு நாட்களில் போர்ட்ஸ்மத்தின் உச்சநீர் நண்பகலை ஒட்டியே நேர்வது இக்கடலின் மாறாத வழக்கம். ஆகவே அத்தகைய நாளில் ஹாம்பிள் நதியிலிருந்து பத்து மணிக்கு நிதானமாகப் புறப்படுகிறவன், பதினொரு மணியளவில் கால்ஷாட் முனையைக் கடக்கும்போது மேற்கோட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து கடல்மைலுக்குள் அடங்கும் யார்மத் பிரயாணத்தை, காற்று அரைமனத்தோடு வீசினாலும், மூன்று மணிக்குள் முடித்துவிடலாம். மறுநாள் விடிந்தவுடன் புறப்பட்டால், கிழக்கோட்டம் ஓய்வதற்குள் வந்த இடத்துக்கே திரும்பியும் விடலாம். அஷ்டமியை ஒட்டிய நாட்களிலோ உச்சநீர் காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் வருவதால், பொழுது விடியும்போதே மேற்கோட்டத்தின் பெரும்பகுதி கழிந்துபோயிருக்கும். அந்நாட்களில் மேற்கே போகும் ஆசையை விட்டுவிட்டுக் கிழக்கே போர்ட்ஸ்மத் பக்கம் போவதே விவேகம். பஞ்சாங்கம் பார்த்துப் புறப்படும் நம் வழக்கத்தைப் பரிகாசம் செய்கிறவர்கள் இந்த ஜலசந்தியில் ஒரு வாரம் கழித்துப் பார்க்கட்டும். ஓத அட்டவணைகள் கிரீனிச் நேரத்தில் அச்சிடப்படுவதால், கோடையில் போல ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும் தொல்லையும் இப்போது இல்லை.

இனி எஞ்சினுக்கு வருவோம். பாய்ப்படகுகளில் இருக்கும் சிறிய டீசல் எஞ்சின் சுபாவத்தில் மிகவும் நம்பத்தகுந்தது. அதற்குப் பெட்ரோல் எஞ்சினைப் போல மின்பொறி தேவையில்லை. உருளைக்குள் காற்றை நெருக்கி அழுத்தும்போது உண்டாகும் உஷ்ணத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. சுத்தமான டீசலும், தடையில்லாத காற்றும், குளிர்விக்கப் போதிய தண்ணீரும் கிடைக்குமானால் அது ஓடிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், 1913 செப்டம்பரில் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹாரிச் துறைக்கு டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது இரவில் காணாமற்போனார். சில நாட்களுக்குப் பின் அவருடைய உடல் கடலில் தென்பட்டது, காரணம் இன்றளவும் விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது. அவருடைய எஞ்சின்கள் அப்படியன்று. அவை நிற்கும்போதெல்லாம் காரணத்தைத் தேடிப்பிடிக்கத்தக்க ஓரிடத்தில் வைத்துவிட்டே நிற்கின்றன.

அந்தக் காரணம் பெரும்பாலும் டீசல் தொட்டியின் அடியில் கிடக்கிறது. செப்டம்பர் மாதத்தோடு பலர் படகைக் கட்டிவைத்துவிடுகிறார்கள். அரைத்தொட்டி டீசலுக்கு மேலே நிற்கும் ஈரக்காற்று, இரவுக்குளிரில் தொட்டியின் சுவர்களில் வியர்த்து, துளித்துளியாக இறங்கி, டீசலைவிடக் கனமானதாகையால் அடியில் போய்த் தேங்குகிறது. அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் ஒருவகைப் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் பெருகி, கறுத்த கூழாகப் படிகின்றன. கட்டிவைத்த படகில் இவை அடியிலேயே அமைதியாகக் கிடப்பதால், துறையில் வைத்து எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறவனுக்கு எல்லாம் செவ்வனே இருப்பதாகத் தோன்றும். பிறகு டிசம்பரில் ஒருநாள், தென்மேற்குக் காற்று வலுத்து, அலை எழும்பி, படகு தலைகீழாகக் குலுங்கும்போதுதான், அக்கூழ் முழுவதும் கலங்கிக் குழாய்க்குள் ஏறி ஃபில்டரை அடைக்கிறது. எஞ்சின் மோசமான வானிலையில்தான் நிற்கிறது என்று படகோட்டிகள் சலித்துக்கொள்வதில் விதியின் விளையாட்டு எதுவும் இல்லை. மோசமான வானிலையே அதை நிறுத்துகிறது.

ஆகையால் பிரயாணத்தின் பூர்வாங்க வேலைகள் இலையுதிர்காலத்திலேயே ஆரம்பமாகின்றன. தொட்டியை வாய்வரை நிரப்பி வைத்தால் ஈரக்காற்றுக்கு இடமிராது. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள முதல் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து, தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரோ கறுப்புத் துணுக்குகளோ தென்பட்டால், ஃபில்டரை மாற்றிவிட்டுத் திருப்தியடையாமல், தொட்டியின் அடியையே உறிஞ்சிச் சுத்தம் செய்விப்பது அவசியம். இதற்குச் செலவாகும் பணத்தைப் பற்றி முணுமுணுப்பவர்கள் உண்டு; பிரயாணத்தையே ரத்து செய்யலாமேயொழிய இந்தச் செலவைத் தவிர்க்கலாகாது என்பது என் கருத்து. பாட்டரியைப் பொறுத்தவரை, குளிரில் அதன் சக்தி குறைகிறது, அதே குளிரில் எண்ணெய் கெட்டியாகி எஞ்சினைச் சுழற்றுவதற்கு அதிக சக்தி தேவைப்படுகிறது. விளக்குகளும் ரேடியோவும் சூடேற்றும் கருவியும் நீண்ட இரவில் அந்தச் சக்தியைப் பங்கு போட்டுக்கொள்ள வருவதால், எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே ஒரு பாட்டரியைத் தனியே ஒதுக்கி, வேறெதுவும் அதைத் தொடாதபடி பிரித்து வைக்க வேண்டும்.

மாற்றுச் சாமான்கள் விஷயத்தில் கிறிஸ்துமஸ் வாரத்துக்கென்று பிரத்தியேகமான ஒரு சங்கடம் உண்டு. 25, 26 தேதிகளில் படகுச் சாமான் கடைகள் மூடிக்கிடக்கும். டீசல் நிரப்பும் தளங்களில் ஆள் இருக்கமாட்டார்கள். மெக்கானிக் தம் வீட்டில் வான்கோழி விருந்தில் இருப்பார். ஆகவே தொட்டிக்கு அடுத்துள்ளதும் எஞ்சின்மேல் உள்ளதுமான இருவகை டீசல் ஃபில்டர்களிலும் இரண்டிரண்டு, கடல்நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர், அதன் மூடிக்குரிய காகித வாஷர், விசிறிப் பெல்ட்டு, ஏர் ஸ்க்ரூக்களுக்குரிய செப்பு வாஷர்கள், எஞ்சின் எண்ணெய், அந்தந்த நட்டுகளுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பானர்கள் ஆகியவற்றைப் படகிலேயே வைத்திருக்க வேண்டும். ஸ்பானர்கள் பொருந்துகின்றனவா என்பதைத் துறையிலேயே, கையுறையோடு, டார்ச் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் எஞ்சின் நிற்கலாம். நின்றவுடன் செய்யத்தகாத காரியம் ஒன்று உண்டு. அதையே ஏறக்குறைய எல்லோரும் செய்கிறார்கள். எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டு தலையை உள்ளே நுழைத்துவிடுகிறார்கள். படகு அந்த நேரத்தில் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதே முதற்கேள்வி. எஞ்சின் ஏன் நின்றது என்பது அதற்கு வெகு பின்னால் வரும் கேள்வி. பாயை விரித்துப் படகுக்கு மீண்டும் சுக்கான் பிடிக்கும் வேகத்தைக் கொடுத்து, கரையிலிருந்தும் கப்பல் தடத்திலிருந்தும் விலகி, இடம் ஏராளமாக உள்ள திசையில் அதை நிறுத்திய பிறகே மூடியைத் திறக்கலாம். காற்று இல்லாவிட்டால், ஆழம் அனுமதிக்கும் இடத்தில் நங்கூரத்தை விட வேண்டும்; சங்கிலியானால் ஆழத்தைப்போல் நான்கு மடங்கும், கயிறு கலந்ததானால் ஆறு மடங்கும் விடுவது வழக்கம். இதற்காகவே, எஞ்சினில் ஓடும்போதும் பெரிய பாயின் உறையைக் கழற்றி, ஒரே இழுப்பில் ஏற்றத்தக்க நிலையில் வைத்திருக்க வேண்டும். நங்கூரத்தின் கட்டுகளைத் துறையை விட்டகலும்போதே தளர்த்தி வைக்க வேண்டும். உறைபனியில் விறைத்த விரல்களால் முடிச்சவிழ்க்க எவ்வளவு நேரமாகும் என்பதை அனுபவித்தவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

நங்கூரம் எட்டாத இடம் ஒன்றும் இந்த வழியில் இருக்கிறது. யார்மத்துக்குச் சற்று மேற்கே, எட்டாம் ஹென்றி 1540-களில் எழுப்பிய ஹர்ஸ்ட் கோட்டை நிற்கும் கூழாங்கல் நாக்கு, தீவை நோக்கி நீண்டு, ஜலசந்தியை ஒரு மைலுக்கும் குறைந்த இடுக்காக்கிவிடுகிறது. மேற்கு நோக்கி ஓடும் சோலென்ட்டின் தண்ணீரெல்லாம் இந்த இடுக்கு வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், பெருக்கு நாட்களில் நீரோட்டம் மணிக்கு 4 கடல்மைலையும் தாண்டிப் பாய்கிறது. அப்படிப் பாய்ந்து பாய்ந்தே அடித்தரையை ஐம்பது மீட்டருக்கும் மேலாக அரித்து வைத்திருக்கிறது. இங்கே எஞ்சின் நின்று, பாயும் விரிக்கப்படாமல் இருந்தால், படகு வெளியே ஷிங்கிள்ஸ் என்னும் கூழாங்கல் மேட்டின் பக்கம் இழுபட்டுப் போகும். தென்மேற்குக் காற்று அந்த ஓட்டத்துக்கு எதிரே வீசுமாயின் அங்கே எழும் அலைகள் குறுகியும் செங்குத்தாகவும் இருக்கும். யார்மத் வரை வந்துவிட்ட உற்சாகத்தில், இன்னும் சுமார் 20 கடல்மைல்தானே, பூல் துறையையும் பார்த்துவிட்டு வரலாம் என்ற சபலம் இந்த இடத்தில்தான் தலைதூக்கும். கோடையில் அதற்கு இணங்கலாம். டிசம்பரில், அவ்வாண்டு அலையில் சோதித்துப் பார்க்கப்படாத எஞ்சினோடு ஹர்ஸ்ட்டைத் தாண்டிப் போகிறவனுக்கு நான் துணைபோக மாட்டேன்.

படகு பத்திரமான நிலைக்கு வந்துவிட்டது என்று கொள்வோம். இப்போது மூடியைத் திறக்கலாம். எஞ்சின் எவ்வாறு நின்றது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்வதே பாதி வைத்தியம். வேகம் ஏறி இறங்கித் தள்ளாடி, மூச்சு வாங்கி நின்றிருந்தால் டீசல் வரத்தில் தடை. எச்சரிக்கை மணி அடித்து, வெண்ணிற ஆவியோடு சூடேறியிருந்தால் குளிர்விக்கும் தண்ணீரில் தடை. கியர் போட்ட நிலையில் திடீரென்று இடிபட்டது போல் நின்றிருந்தால், நீருக்கடியில் படகை உந்தும் விசிறியில் கயிறோ வலையோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

டீசல் தடையை நீக்குவது கடினமன்று. அடைபட்ட ஃபில்டரை மாற்றும்போது குழாய்க்குள் காற்று புகுந்துவிடுகிறது. அந்தக் காற்றை வெளியேற்றாமல் எஞ்சின் கிளம்பாது. நம் ஊரில் டீசல் பம்புசெட்டு வைத்திருக்கும் விவசாயி, 'ஏர் பிடித்துக்கொண்டது' என்று சொல்லிவிட்டு, இடுப்பில் செருகிய ஸ்பானரை எடுத்து ஐந்து நிமிஷத்தில் ஏர் எடுத்து முடித்து, வாய்க்காலில் மடை மாற்றப் போய்விடுகிறார். பெருந்தொகை கொடுத்துப் படகு வாங்கிய கனவான்களில் பலர் இதே காரியத்துக்கு உயிர்காக்கும் படகை அழைக்கிறார்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டீசல் வரும் வழியைத் தொட்டியிலிருந்து எஞ்சினை நோக்கிக் கிரமமாகப் பின்தொடர வேண்டும். முதலில் தொட்டியின் குழாய் திறந்திருக்கிறதா, தொட்டியில் டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது கௌரவக் குறைச்சல் ஆகாது. அடுத்து முதல் ஃபில்டரை மாற்றி, எஞ்சின்மேல் உள்ள இரண்டாவது ஃபில்டரின் தலையிலிருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அடியில் ஒரு துணியை வைத்துவிட்டு, டீசல் ஏற்றும் பம்பின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய நெம்புகோலைக் கையால் மேலும் கீழும் அசைக்க வேண்டும். முதலில் நுரையும், பிறகு குமிழிகளும், கடைசியில் குமிழியே இல்லாத டீசலும் வரும். அது வந்தவுடன், அசைப்பதை நிறுத்தாமலே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். நெம்புகோல் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்பு கெட்டுவிட்டதென்று மனம் தளர வேண்டாம். அதை இயக்கும் கேம் அந்த நேரத்தில் உயர்ந்த நிலையில் நின்றுவிட்டது என்பதே பொருள். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் நெம்புகோலுக்கு உயிர் வந்துவிடும். பின்னர் இன்ஜெக்ஷன் பம்பில் ஏர் ஸ்க்ரூ இருந்தால் அதிலும் இவ்வாறே செய்யலாம். அப்போதும் கிளம்பாவிட்டால், இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஒருவர் ஸ்டார்ட்டரைப் போடும்போது மற்றவர் டீசல் கசிவதைப் பார்த்து முடுக்க வேண்டும். அந்தக் குழாய்களில் டீசல் மிகுந்த அழுத்தத்தோடு வருமாதலால், பீச்சும் இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பது பெருந்தவறு. தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்.

இந்த முயற்சிகளின்போது பலர் மறந்துவிடும் சூட்சுமம் ஒன்று உண்டு. எஞ்சின் கிளம்பாமலே ஸ்டார்ட்டரால் அதை நெடுநேரம் சுழற்றினால், கடல்நீர்ப் பம்பு மட்டும் தன் கடமையைத் தவறாமல் செய்து, புகைபோக்கியின் பாதையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டே போகும். வெளியே தள்ளுவதற்குப் புகை இல்லாதபடியால் அந்தத் தண்ணீர் திரும்பி உருளைக்குள்ளேயே ஏறிவிடக்கூடும். அப்படி ஏறினால் ஃபில்டர் அடைப்பு என்ற சிறு கோளாறு, எஞ்சினையே கழற்ற வேண்டிய பெருநஷ்டமாக முடியும். ஆகையால் பலமுறை சுழற்றிப் பார்க்க நேரும்போது கடல்நீர் வால்வை மூடிவைத்து, எஞ்சின் பிடித்துக்கொண்ட மறுகணமே திறந்துவிட வேண்டும். திறக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்து, அவர் வால்விலேயே கையை வைத்துக்கொண்டிருப்பது உத்தமம்.

குளிர்விக்கும் தண்ணீரின் விஷயம் இதைவிட எளிது. புகைபோக்கியிலிருந்து புகையோடு தண்ணீர் துப்புகிறதா என்பதைக் கிளம்பும்போதும், பிறகு அவ்வப்போதும் எட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், கோளாறு முற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். தண்ணீர் வராவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்தி, வால்வு திறந்திருக்கிறதா, கடற்பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கிறதா என்று பார்த்த பின், பம்பின் மூடியைக் கழற்றி இம்பெல்லரைச் சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த ரப்பர் இதழ்கள் குளிரில் விறைத்து ஒடிவது சகஜம். ஒடிந்த துண்டுகளை எண்ணி எடுத்துவிட வேண்டும். உள்ளே போன ஒரு துண்டு மறுநாள் வேறோர் இடத்தில் அடைத்துக்கொண்டு இதே நாடகத்தை மறுபடியும் நடத்தும்.

விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டால், கோடையில் ஒருவர் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்துவிடுவார். டிசம்பரில் குதிக்கலாகாது. அப்போது கடல்நீரின் உஷ்ணம் 10 டிகிரி அளவிலேயே இருக்கிறது; அதில் விழுந்தவனுக்கு முதல் ஒன்றிரண்டு நிமிஷங்கள் மூச்சு தன் வசத்தில் இராது, தலை நீருக்குள் இருக்கும்போது அந்தத் திணறல் வந்தால் அதுவே முடிவாகலாம்; பத்து நிமிஷத்துக்குள் விரல்கள் கத்தியைப் பிடிக்கும் சக்தியை இழக்கின்றன. கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, கயிற்றின் நுனி மேலே தெரிந்தால் அதைப் பிடித்திழுத்தபடி, கடைத்தண்டைக் கையால் எதிர்த்திசையில் சுற்றிப் பார்க்கலாம். அதற்கு மசியாவிட்டால், விசிறி இல்லாத படகாகவே அதை நினைத்துக்கொண்டு பாயிலேயே போக வேண்டும்.

பாயிலேயே போய்த் துறைக்குள் நுழைவது எப்படி என்பது இன்று பலருக்கு மறந்துபோன வித்தை. எர்ஸ்கின் சில்டர்ஸ் 1897-ல் விக்ஸன் என்ற சிறு படகில், எஞ்சின் என்ற பேச்சே இல்லாமல், ஜெர்மனியின் வடகடல் மணல்திட்டுகளுக்கிடையே இலையுதிர்காலம் கடந்தும் திரிந்தார். 1903-ல் வெளிவந்த 'தி ரிடில் ஆஃப் தி சேண்ட்ஸ்' என்ற அவருடைய நாவல் அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே. அக்காலத்தவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது சாகசம் அன்று, காத்திருத்தல். யார்மத் துறையின் உள்வெளி குறுகலானது, பெர்ரியும் அருகிலேயே வந்து போகிறது. ஆகையால் வாசலுக்கு வெளியே நங்கூரமிட்டு, ரேடியோவில் துறை அதிகாரியைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லிவிட்டு, ஓட்டம் தணிந்த பிறகு நுழைவதே மரியாதை. காற்று அமைதியாக இருந்தால் வேறொரு யுக்தியும் கைகொடுக்கும். சிறிய ரப்பர் தோணியை, அதன் வெளிப்புற மோட்டாரோடு, படகின் பின்பக்கத்து விலாவில் முன்னும் பின்னுமாக இறுக்கிக் கட்டிவிட்டால், பின்னாலிருந்து தள்ளும் எஞ்சினாக அது வேலை செய்யும். சுக்கானைப் படகிலிருப்பவர் பிடித்துக்கொள்ள, தோணியிலிருப்பவர் வேகத்தை மட்டும் கவனித்துக்கொண்டால், நான்கைந்து டன் எடையுள்ள படகும் நடைவேகத்தில் ஒழுங்காக நகரும். நிறுத்துவதற்குத் தூரம் அதிகம் வேண்டும் என்பதை மறவாமல், திறந்த வெளியில் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்ட்ஸ்மத் துறை இதில் விதிவிலக்கு. கடற்படைக் கப்பல்களும் பெர்ரிகளும் ஓயாமல் நடமாடும் அந்தக் குறுகிய வாசலில், எஞ்சின் பொருத்திய சிறு படகுகள் எஞ்சினை ஓட்டிக்கொண்டே, தமக்கென்று ஒதுக்கிய தடத்திலேதான் வர வேண்டும் என்பது துறையின் சட்டம். எஞ்சின் பழுதான படகு, துறை அதிகாரியிடம் முன்கூட்டியே தெரிவித்து, அவர் சொல்லுகிறபடியே செய்ய வேண்டும். சவுத்தாம்ப்டனுக்கு வரும் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களின் விஷயமும் இத்தகையதே. அவற்றுக்கு முன்னால் 1000 மீட்டரும் பக்கங்களில் 100 மீட்டரும் சிறு படகுகள் நுழையக்கூடாத எல்லை. எஞ்சின் இருக்கும்போது இந்த எல்லையை விட்டு விலகுவது ஒரு நிமிஷ வேலை. காற்றில்லாத நாளில் எஞ்சினும் இல்லையென்றால், கப்பல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தடத்தை விட்டு அகன்றிருக்க வேண்டும்.

உதவி கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வி.எச்.எப். ரேடியோவின் 16-ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல் நிலையத்தை அழைத்து, இன்ன இடத்தில் இருக்கிறோம், எஞ்சின் நின்றுவிட்டது, இத்தனை பேர், பாயில் போகிறோம், இப்போது உதவி தேவையில்லை என்று அறிவித்து வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அபாயம் நெருங்குமுன் பகலில் தெரிவிக்கப்பட்ட செய்தி, இருட்டில் எழும் கூக்குரலைவிட அவர்களுக்கு எவ்வளவோ சௌகரியம். நிலைமை கவலைக்கிடமானால் 'பான் பான்' என்றும், உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் 'மேடே' என்றும் அழைக்க வேண்டும். வரக்கூடியவர்கள் 1824-ல் தொடங்கப்பட்ட அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் தொண்டர்கள். யார்மத்திலும் லிமிங்டனிலும் கால்ஷாட்டிலும் அவர்களுக்கு நிலையங்கள் இருக்கின்றன. கட்டணம் எதுவும் அவர்கள் கேட்பதில்லை. கிறிஸ்துமஸ் விருந்திலிருந்து எழுந்து வரும் அவர்களை, மாற்றாமல் விட்ட ஃபில்டருக்காக வரவழைப்பது நியாயமா என்பதைப் படகோட்டி துறையிலிருந்து கிளம்புமுன் யோசிக்கலாம். கடலில் சிக்கிக்கொண்ட பின் யோசிக்கலாகாது, அழைத்துவிட வேண்டும். இழுவைக் கயிற்றை வாங்கும்போது, மெல்லிய தள வளையங்களில் கட்டாமல், முன்தளத்தின் உறுதியான முளைகளிலோ, மேல்தளத்தைத் துளைத்துக் கீழே ஊன்றிய பாய்மரத்தின் அடியிலோ சுற்றிக் கட்டி, வேண்டும்போது அவிழ்க்கத்தக்கதாக வைத்திருக்க வேண்டும்.

இரவு தங்குவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அடுப்புக்குப் பயன்படும் பியூட்டேன் வாயு, சுழி டிகிரியை நெருங்கும் குளிரில் ஆவியாக மறுத்து அடுப்பை அணைத்துவிடும். ஆகவே குளிர்காலத்துக்குப் புரொப்பேன் சிலிண்டரே ஏற்றது. அடுப்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு அறையைச் சூடாக்குவதும், காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பதும் உயிருக்கு உலை வைக்கும் காரியங்கள். கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உறங்குகிறவனை எழுப்பாது. அதைக் கண்டறிந்து ஒலிக்கும் கருவி ஒன்று படுக்கையறையில் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, பழுது பார்த்த எஞ்சினை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. கட்டிய இடத்திலேயே, கயிறுகளை இரட்டிப்பாக்கி, கியர் போட்டு அரைமணி நேரம் சுமையோடு ஓட விட்டுப் பார்க்க வேண்டும். வெறுமனே ஓடும் எஞ்சின் எதையும் நிரூபிப்பதில்லை. ஏர் எடுத்த பிறகு மறுபடியும் அதே விதமாக நின்றால், எங்கோ குழாய் காற்றை உறிஞ்சுகிறது அல்லது தொட்டியில் கூழ் இன்னும் தீரவில்லை; இரண்டுமே விடுமுறை நாளில் கடலில் வைத்துத் தீர்க்கத்தக்கவை அல்ல. அத்தகைய நிலையில், யார்மத்தில் படகை நன்றாகக் கட்டி, துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டு, பெர்ரியில் லிமிங்டன் போய், இறங்குதுறையை ஒட்டியே நிற்கும் ரயிலில் ஏறி, பிராக்கன்ஹர்ஸ்ட்டில் வண்டி மாறி லண்டன் திரும்பிவிடலாம். படகை ஜனவரியில் மெக்கானிக்கோடு வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கிறிஸ்துமஸ் தினத்தன்று இங்கிலாந்தில் ரயில்கள் ஓடுவதில்லை, மறுநாளும் பெரும்பாலான வழிகளில் ஓடுவதில்லை என்பதால், இந்த முடிவை 24-ஆம் தேதி நண்பகலுக்குள் எடுத்துவிட வேண்டும்.